தோட்டம் என்ற மாறிக்கு முன் நிற்கும் எதிர்க்குறி

பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வுக் கட்டுரை வரைவுகள் என்னிடம் வந்து சேரும் பருவம் இது. பொருளியலும் புள்ளிவிபரவியலும் பயிலும் இலங்கை மலையகப் பிள்ளைகள் சிலர், வழிகாட்டும் விரிவுரையாளரிடம் ஒப்படைப்பதற்கு முன் ஒரு முறை பார்த்துத் தரும்படி கேட்டு அனுப்புகிறார்கள். அவற்றுள் ஒன்றைப் பற்றி, அதை எழுதிய மாணவியின் சம்மதத்துடன், இங்கே எழுதுகிறேன். முன்பின் அறியாதவர்களுக்கு யார் கொடுக்கிறார்கள், யார் கொடுப்பதில்லை என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். நகரம், கிராமம், தோட்டம் ஆகிய மூன்று துறைகளிலும் வீடு வீடாகச் சென்று தரவு திரட்டி, பிற்செலவுப் பகுப்பாய்வு (regression) செய்து, ஒவ்வொரு காரணிக்கும் கிடைத்த எண்ணாகிய குணகங்களை ஒழுங்காக அட்டவணைப்படுத்தியிருந்தார். கணக்கில் நான் கண்ட குறை எதுவும் இல்லை. ஆனால் அட்டவணைக்குக் கீழே எழுதப்பட்டிருந்த இரண்டு வாக்கியங்களைத் தாண்டி என்னால் அடுத்த பக்கத்துக்குச் செல்ல முடியவில்லை.

முதலாவது வாக்கியம், வருமானம், கல்வி, வயது ஆகியவற்றைக் கட்டுப்படுத்திய பின்னரும் தோட்டப்புற மக்கள் அறிமுகமற்றோருக்கு உதவும் மனப்பாங்கில் பின்தங்கியவர்களாகக் காணப்படுகின்றனர் என்றது. இரண்டாவது வாக்கியம், வழிபாட்டில் உள்ள ஈடுபாடு கொடையின் மீது எவ்விதத் தாக்கத்தையும் செலுத்தவில்லை என்றது. முதலாவதற்கு ஆதாரம், தோட்டம் என்ற போலி மாறியின் (தோட்டத்தவருக்கு 1, மற்றவர்களுக்கு 0 என்று குறிக்கும் மாறி) குணகத்துக்கு முன் நின்ற எதிர்க்குறியும் அதன் தலையில் இருந்த மூன்று நட்சத்திரங்களும். முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு, அதாவது பொருளுண்மை உடையது, என்பதைக் காட்டும் குறிகளே இந்த நட்சத்திரங்கள். இரண்டாவதற்கு ஆதாரம், வழிபாட்டு மாறியின் தலையில் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லாமை.

ஒரு குணகம் சொல்லக்கூடியது மிகக் குறைவு. பிற்செலவு மாதிரியில் (model) சேர்க்கப்பட்ட ஏனைய மாறிகள் சமமாக இருக்கும் இரு மனிதர்களை எடுத்துக்கொண்டால், ஒருவர் தோட்டத்திலும் மற்றவர் நகரத்திலும் இருக்கும்போது, விளைவாக அளக்கப்பட்ட அந்தச் சார்ந்த மாறி சராசரியாக எவ்வளவு வேறுபடுகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மனப்பாங்கு என்ற ஒன்று அட்டவணையில் எங்கும் இல்லை. இருந்தது ஒரு தொகை: நேர்காணலுக்கு முந்திய ஒரு மாதத்தில், அறிமுகமில்லாத ஒருவருக்குப் பணமாகக் கொடுத்ததாக விடையளித்தவர் நினைவுகூர்ந்து சொன்ன ரூபாய். அந்த ரூபாயிலிருந்து ஒரு சமூகத்தின் இரக்கத்துக்குத் தாவுவதற்கு இடையே பல படிகள் உள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியது.

தோட்டத்துறை என்ற பிரிவும் தானாகக் கிடைத்த ஒன்றல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரைவிலக்கணப்படி, 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புடையதும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் குடியிருப்பதுமான பெருந்தோட்டமே அத்துறைக்குள் அடங்கும். ஹற்றன் நகரில் கடை வைத்திருப்பவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் நகரத்துறைக்குள் எண்ணப்படுவார். தோட்டத்தில் குடியிருக்கும் சிங்களக் குடும்பம் தோட்டத்துறைக்குள் எண்ணப்படும். ஆகவே தோட்டம் என்ற மாறி குறிப்பது ஒரு வசிப்பிடத்தையும் அதனோடு ஒட்டிய வேலை முறையையும்தான். வாசகர்கள் அதை மலையகத் தமிழர் என்றே படிப்பார்கள் என்பதை அறிந்த ஒருவர், அந்த வாக்கியத்தை எழுதும்போது இரட்டிப்புக் கவனத்துடன் இருக்க வேண்டும். மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் முதல், எங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிவைத்த வாக்கியங்கள் எங்கள் வாழ்க்கையில் என்ன செய்திருக்கின்றன என்பதை நாங்கள் அறிவோம்.

நான் அந்த மாணவியிடம் அட்டவணையை மூடிவைத்துவிட்டு, கள நாட்குறிப்பிலிருந்து ஒரு நேர்காணலை மட்டும் வாசித்துக்காட்டச் சொன்னேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஓய்வு பெற்ற ஒரு தாயுடன் நடந்த நேர்காணல் அது. அறிமுகமில்லாத யாருக்காவது போன மாதம் காசு கொடுத்தீர்களா என்று கேட்டபோது, “காசா? குடுக்க காசு எங்க பிள்ள இருக்கு?” என்று அந்த அம்மா சிரித்திருக்கிறார். வினாக்கொத்தில் பூச்சியம் பதிவாகியிருக்கிறது. நேர்காணல் முடிந்து எழும்பும் நேரத்தில், இரண்டு நாளைக்கு முன் இரவில் சிவனொளிபாத மலைக்குப் போகும் வழியில் வேன் நின்றுபோன ஒரு கூட்டத்தைத் தம் லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) உட்காரவைத்து, ரொட்டி சுட்டு, டீ ஊற்றிக் கொடுத்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். கைக்குழந்தையோடு வந்த சிங்களப் பெண்ணுக்குக் கம்பளி ஒன்றும் கொடுத்தனுப்பியிருக்கிறார். “அதெல்லாமா எழுதுவீங்க? மலைக்கு வந்த சனம்தானே” என்பது அவருடைய கேள்வி. நாட்குறிப்பின் ஓரத்தில் மாணவி இதை முழுமையாக எழுதிவைத்திருந்தார். கணினிக்குள் போனது பூச்சியம் மட்டும்.

இது ஒரு தனி மனிதரின் கதை, இதை வைத்துக் குணகத்தைத் தள்ளிவிட முடியாது என்று மாணவி சொன்னார். “சேர், எல்லா வீட்டிலயும் இப்படி இருக்கும் என்று சொல்ல ஏலாதுதானே” என்று அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. ஒரு தாயின் ரொட்டியை வைத்து நான் எதையும் நிறுவ முயலவில்லை. அளவீட்டு வழு துறைகளுக்கிடையே சமமாகப் பரவியிருந்தால் அது குணகத்தின் குறியை மாற்றாது என்பதும் உண்மை. ஆனால் இங்கே அந்த வழு சமமாகப் பரவியிருக்க வாய்ப்பில்லை என்று எண்ணுவதற்குத் திடமான காரணங்கள் உண்டு. கையில் காசு புழங்கும் நகரத்தில் கொடை காசாகவே நடக்கிறது. பஸ் நிலையத்தில் கை நீட்டுபவருக்குச் சில்லறை விழுகிறது. தோட்டத்தில் கொடை உணவாகவும் உழைப்பாகவும் நடக்கிறது. மேலும், கோயிலுக்கும் மரண உதவிக்கும் கொடுப்பது பல தோட்டங்களில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டிலேயே கழிக்கப்பட்டு, மிகுதிதான் 10 ஆந் திகதி கைக்கு வருகிறது. அந்தக் கோயில் திருவிழாவில் நடக்கும் அன்னதானத்தில் வந்து உண்பவர் யார் எவர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதற்காகச் செக்ரோலில் கழிந்த காசை, அறிமுகமற்றவருக்குக் கொடுத்த காசு என்று எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டார். கைக்கு வராத காசு நினைவிலும் நிற்பதில்லை. ஆகவே ஒரே அளவான கொடை, நகரத்தில் ரூபாயாகவும் தோட்டத்தில் பூச்சியமாகவும் பதிவாகும் வழி திறந்தே கிடக்கிறது. சார்ந்த மாறியின் வழு சாரா மாறியோடு (இங்கே தோட்டம் என்ற மாறியோடு) சேர்ந்து நகரும் இடத்தில், நேர்காணல்களை எவ்வளவு பெருக்கினாலும் குணகம் சரியாகாது. தவறான எண்ணை இன்னும் நுட்பமாக மதிப்பிடுவது மட்டுமே நடக்கும்.

அடுத்து, வாய்ப்பு. கொடுத்தாரா என்று கேட்பதற்கு முன், கேட்கப்பட்டாரா என்று கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் பஸ் வந்து திரும்பும் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில், முன்பின் அறியாத ஒருவரை ஒரு மாதத்தில் எத்தனை தடவை சந்திக்க முடியும்? கண்டியிலோ நுவரெலியாவிலோ அன்றாடம் கடைத்தெருவில் நடப்பவரோடு அவரை ஒப்பிடும்போது, சந்திப்புகளின் எண்ணிக்கை மாதிரியில் சேராவிட்டால், அந்த வேறுபாடு முழுவதும் தோட்டம் என்ற மாறியின் கணக்கில் ஏறிவிடுகிறது. பொருளியலாளர்கள் ஆய்வுகூடத்தில் நடத்தும் பங்கீட்டுப் பரிசோதனைகள் இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகவே அமைந்தவை. அங்கே எல்லோருக்கும் ஒரே அளவு பணம், முகம் தெரியாத ஒரே ஒருவர், ஒரே ஒரு வாய்ப்பு. அத்தகைய பல நூறு பரிசோதனை முடிவுகளைத் தொகுத்து கிறிஸ்தோப் ஏங்கல் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் சராசரியாகத் தம் கையில் இருந்ததில் 28 சதவீதத்தைக் கொடுத்தார்கள், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் எதையுமே கொடுக்கவில்லை என்று காணப்பட்டது. 1996 இல் கேதரின் எக்கலும் ஃபிலிப் குரொஸ்மனும் செய்த பரிசோதனையில், பெறுபவரை முகம் தெரியாத சக மாணவருக்குப் பதிலாகச் செஞ்சிலுவைச் சங்கம் என்று மாற்றியவுடன் கொடை ஏறத்தாழ மும்மடங்கானது. கொடுப்பவர்களின் மனப்பாங்கு மாறவில்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்பது மட்டும் மாறியது. வினாவில் பெறுபவரை எப்படி விவரிக்கிறோம் என்பதே விடையை இந்த அளவு மாற்றுமானால், மூன்று துறை மக்களும் அந்த வினாவை ஒரே விதமாக விளங்கிக்கொண்டார்களா என்று பார்ப்பது ஆய்வாளரின் கடமை.

மாதம் என்பதும் இப்படித்தான். கடந்த ஒரு மாதம் என்று வினா கேட்கிறது. எந்த மாதம் என்பது அட்டவணையில் இல்லை. நேர்காணல் திகதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, நகரப் பகுதி நேர்காணல்களிற் பெரும்பாலானவை வெசாக் என்ற பௌத்தப் பண்டிகையை ஒட்டி நடந்திருந்தன. தோட்டங்களின் நேர்காணல்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்திய மழைக்காலத்தில் நடந்திருந்தன. வெசாக் காலத்தில் தெருவுக்குத் தெரு தன்சல் (இலவச உணவுப் பந்தல்) நடக்கிறது. முன்பின் அறியாதவர்களுக்கு உணவளிப்பதற்காகவே மக்கள் காசு சேர்க்கும் நாட்கள் அவை. மலை யாத்திரைக் காலமோ டிசெம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்குடன் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நல்லதண்ணிப் பாதை வெறிச்சோடிவிடும். அதாவது, கொடை பெருகும் மாதத்தில் நகரத்தையும், வழிப்போக்கர் வராத மாதத்தில் பெரும்பாலான தோட்டங்களையும் அளந்திருக்கிறோம். துறையும் மாதமும் இவ்வளவு தூரம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும்போது, எது எதன் விளைவு என்பதை அந்தத் தரவால் பிரித்துக் காட்ட முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தயில் மண் சரிந்து லயன்கள் புதைந்தபோது நாட்டின் பல திசைகளிலிருந்தும் உதவி வந்து குவிந்தது. அதற்கு அடுத்த மாதம் ஓர் அளவீடு நடத்தியிருந்தால், இலங்கையர் எல்லோருமே பெருங்கொடையாளர்களாகத் தெரிந்திருப்பார்கள்.

சார்ந்த மாறியை இயற்கை மடக்கையாக (natural log) மாற்றியிருந்தது இன்னொரு விடயம். பலருடைய விடை பூச்சியம் என்பதாலும் பூச்சியத்துக்கு மடக்கை இல்லை என்பதாலும், ஒவ்வொரு தொகையோடும் 1 ஐக் கூட்டி மடக்கை எடுத்திருந்தார். பலரும் செய்வதுதான், ஆனால் அதன் விளைவைக் கைப்படக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஒன்றும் கொடுக்காத நிலையிலிருந்து 100 ரூபாய் கொடுக்கும் நிலைக்கு வரும்போது அந்த மாறி ஏறத்தாழ 4.6 அலகு உயர்கிறது. 100 இலிருந்து 200 ஆகும்போது 0.7 மட்டுமே உயர்கிறது. இதே தொகைகளைச் சதத்தில் எழுதினால், முதல் உயர்வு 9.2 ஆகிவிடுகிறது, இரண்டாவது 0.7 ஆகவே நிற்கிறது. மக்கள் கொடுத்த பணம் ஒரு சதமும் மாறவில்லை, குணகம் மட்டும் மாறிவிட்டது. கொடுத்தாரா இல்லையா என்பதும் கொடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். பூச்சியங்கள் நிறைந்த செலவுத் தரவைச் சாதாரண நேர்கோட்டு முறையால் கையாள முடியாது என்பதை 1958 இலேயே ஜேம்ஸ் டோபின் எடுத்துக்காட்டினார்; இரண்டு கேள்விகளையும் பிரித்து மதிப்பிடும் முறைகள் அதன் பின் வந்தன. இந்தத் தரவை அவ்வாறு பிரித்துப் பார்த்தபோது, எதிர்க்குறியின் கனம் முழுவதும் முதற் கேள்வியிலேயே இருந்தது. காசு கொடுத்ததாகச் சொன்னவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், வருமானத்தின் பங்காகப் பார்க்கையில் தோட்டத்தவர் நகரத்தவரைவிடக் குறைத்துக் கொடுத்ததாகச் சொல்ல இடமில்லை. குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாயாகவும் 2024 இல் 1350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்ட ஒரு தொழிலில், 100 ரூபாய் என்பது எவ்வளவு நேர உழைப்பு என்பதை ரூபாயில் எழுதிய குணகம் மறைத்துவிடுகிறது.

நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லயத்தில் இருபது வீடு இருந்தால் இருபதிலும் நேர்காணல் செய்திருந்தார். ஒரே கோயில், ஒரே கங்காணி, ஒரே சம்பள நாள், ஒரே பாதை. இருபது விடைகளும் இருபது தனித் தகவல்கள் ஆகா. ஒரு லயத்துக்குள் விடைகளுக்கிடையிலான இணைவு 0.2 என்று வைத்துக்கொண்டால், மதிப்பீட்டின் மாறற்றிறன் (variance) 4.8 மடங்காகிறது, அதன் வர்க்கமூலமான நியம வழு (standard error) இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. மூன்று நட்சத்திரங்களுடன் நின்ற குணகம் ஒன்றுமே இல்லாமல் நிற்கும் நிலை அதிலிருந்து வரலாம். விடைகளின் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மாறிகள் விளக்குகின்றன என்று காட்டும் ஆர் வர்க்கம் (R²) மிகவும் சிறியதாக இருப்பதையிட்டு மாணவி கவலைப்பட்டிருந்தார். அது கவலைப்பட வேண்டியதே அல்ல. மனிதர் ஒருவர் ஒரு மாதத்தில் என்ன கொடுப்பார் என்பதை வயதும் படிப்பும் வருமானமும் முழுதாகச் சொல்லிவிட்டால்தான் நான் வியப்படைவேன்.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். நட்சத்திரம் இல்லை, ஆகவே தாக்கம் இல்லை என்ற முடிவு படித்தவர்களிடமும் மிகப் பரவலாக இருப்பதால், முன்பின் அறியாதவருக்கு உதவுவது பற்றிய ஆய்வுகளில் மிகவும் பெயர்பெற்ற ஒன்றை எடுத்துக்கொண்டு விளக்கினேன். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து ஜோன் டார்லியும் டானியல் பற்சனும் நடத்தி 1973 இல் வெளியிட்ட ஆய்வு அது. குருத்துவம் பயிலும் 40 மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓர் உரையை நிகழ்த்த அனுப்பப்பட்டார்கள். சிலருக்கு, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமை பற்றிய உரை, சிலருக்குத் தொழில் வாய்ப்புகள் பற்றிய உரை. சிலரிடம் நேரமாகிவிட்டது என்றும், சிலரிடம் அவசரமில்லை என்றும் சொல்லப்பட்டது. வழியில் ஒரு வாசற்படியில் ஒருவர் இருமி முனகியபடி சரிந்து கிடந்தார். 40 பேரில் 16 பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம், ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 சதவீதம், மிகவும் அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதம். பிற்செலவிலும் அவசரம் என்ற மாறி பொருளுண்மையுடன் நின்றது. உரையின் பொருள் நிற்கவில்லை. ஆகவே நல்ல சமாரியனைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டு போனாலும் பயனில்லை என்ற செய்தி உலகமெங்கும் பாடநூல்களில் பரவியது.

ஆனால் அந்த ஆய்விலேயே, சமாரியன் உவமை பற்றிப் பேசப் போனவர்களில் 53 சதவீதமும் மற்றவர்களில் 29 சதவீதமும் உதவியிருந்தார்கள். இடைவெளி 24 சதவீதப் புள்ளிகள். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ இருபது பேர் என்று கொண்டு நம்பிக்கை ஆயிடையை, அதாவது உண்மை இடைவெளி இருக்கக்கூடிய வீச்சை, கணக்கிட்டால், அது ஏறக்குறைய எதிர் 6 இலிருந்து 54 வரை நீள்கிறது. தாக்கம் இல்லாமலும் இருக்கலாம், மிகப் பெரிதாகவும் இருக்கலாம், இத்தனை குறைந்த ஆட்களைக் கொண்ட ஆய்வால் சொல்ல முடியவில்லை என்பதே அந்த ஆயிடையின் பொருள். 1975 இல் அந்தனி கிறீன்வால்ட் இதே தரவை மறுபடி ஆராய்ந்து, தாக்கமில்லை என்ற முடிவுக்கு அது இடந்தரவில்லை என்று எழுதினார். அவருடைய குறிப்பு மூல ஆய்வின் அளவுக்குப் பேசப்படவில்லை என்பது எனக்குப் பெரும் மனவருத்தம். மாணவியின் வழிபாட்டு மாறிக்கும் ஆயிடையைக் கணக்கிட்டோம். பூச்சியம் அதற்குள் இருந்தது, பெரிய நேர்த் தாக்கமும் அதற்குள்ளேயே இருந்தது.

அதே ஆய்வு முதல் வாக்கியத்துக்கும் ஒரு பாடம் தருகிறது. அவசரம் என்பது மனப்பாங்கு அன்று, வேளையின் நெருக்கடி. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான் (அரை நாட் சம்பளம்தான்) விழும் என்ற நிலையில், கூடை நிறைந்த கொழுந்தோடு நிறுவைக்கு ஏறும் ஒரு பெண், பாதையில் யாரோ அழைத்தாலும் நிற்காமல் போகக்கூடும். அவரைத் தோட்டம் என்ற மாறிக்குள் அடக்கி, இரக்கம் குறைந்தவர் என்று எழுதுவது, அன்றைய குருமாணவர்களை இறைபக்தி அற்றவர்கள் என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

இப்போது வாக்கியங்கள் மாற்றப்பட்டுள்ளன. நேர்காணலுக்கு முந்திய மாதத்தில் அறிமுகமற்றோருக்குப் பணமாகக் கொடுத்ததாகக் கூறியவர்களின் வீதம் தோட்டத்துறையில் குறைவாக இருந்தது; நேர்காணல் நடந்த பருவம், பண்டமாகக் கொடுத்தவை, சம்பளத்தில் கழிக்கப்பட்டவை, சந்திப்புகளின் எண்ணிக்கை ஆகியன அளக்கப்படாமையால் இவ்வேறுபாட்டின் காரணத்தை இத்தரவு காட்டாது என்று முதல் வாக்கியம் இருக்கிறது. நீண்ட வாக்கியந்தான், ஆனால் அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் தரவு பொறுப்பேற்கும். வழிபாடு பற்றிய வாக்கியத்தில் ஆயிடையின் இரு எல்லைகளும் எண்களாகத் தரப்பட்டுள்ளன. நியம வழுக்கள் லயம் வாரியாகத் திருத்தப்பட்டு, அட்டவணையிலிருந்து நட்சத்திரங்கள் நீக்கப்பட்டுவிட்டன.

இரண்டாம் கட்டத் தரவு திரட்டலை மாணவி வரும் யாத்திரைக் காலத்தில் மூன்று துறைகளிலும் ஒரே கிழமைகளில் நடத்தவிருக்கிறார். வினாக்கொத்தில் காசு பற்றிய வினா பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அதற்கு முன், கடந்த கிழமையில் வெளியூர்க்காரர் யாராவது உங்கள் பக்கம் வந்தார்களா, வந்தவர்களுக்கு என்ன தேவைப்பட்டது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மூன்று வினாக்கள் வருகின்றன. விடைகளை விடையளிப்பவர் சொல்லும் வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்வதற்கு ஒவ்வொன்றின் கீழும் ஐந்து வெற்றுக் கோடுகள் விடப்பட்டுள்ளன.